செவலைக்கு ஆளுக்கொரு பிடி

சேணத்தைக் கவிழ்த்து மடியில் போட்டு, அடித்தோலை எண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டே பேசுவார் மூத்தார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தத் தேய்க்கும் சத்தம்தான். முகம் அப்புறம்தான் வருகிறது, அதுவும் சரியாகத் தெளிவதில்லை. அவர் என் வீட்டுக்காரருக்கு மூத்த அண்ணன். கட்டிக்கொண்டு வந்தவள் புருஷனுடைய அண்ணன் முன்னால் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் இயல்பிலேயே வாய் திறக்காதவள், அதனால் அந்த வழக்கம் எனக்கு ஒரு பாரமாகத் தோன்றியதில்லை. ஒரே கூரையின் கீழ் பல வருஷம் இருந்தும், அவரைப் பார்த்ததைவிட ஒரு சாக்குத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர் குரலைக் கேட்டதுதான் அதிகம். தேய்க்கும் சத்தம் கேட்டால் அவர் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று தெரியும். சத்தம் நின்றால் ஏதோ முக்கியமாகச் சொல்லப் போகிறார் என்று தெரியும்.

கோலாலம்பூர் ரேஸ் திடலுக்குப் பின்னால் குதிரை லாயங்கள் இருந்தன. அவற்றை ஒட்டிக் குதிரைக்காரர்களுக்கு வரிசையாகப் பலகை வீடுகள். நான் கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆட்களைக் குறைத்து இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த சமயத்தில் எனக்குக் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரர் ரயிலில் வரும் சரக்கை இறக்கிக் கொண்டுபோகிற மாட்டு வண்டி ஓட்டினார். பகல் முழுதும் அவருக்கு ரயில்வே பட்டறைகள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதியில்தான் வேலை. தனியாக வீடு பிடிக்க வழியில்லாததால் அண்ணன் வீட்டில் ஒரு தடுப்புக் கட்டி எங்களுக்கு இடம் கொடுத்தார்கள். மூத்தாருடைய சம்சாரத்தை நான் அக்கா என்று கூப்பிட்டேன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா வாய்க்கு அஞ்சாதவர். எனக்கும் சேர்த்து அவரே பேசுவார்.

ரேஸ் நடக்கிற வாரம் வந்தால் எங்கள் வாசல் கோயில் வாசல் மாதிரி ஆகிவிடும். முதல் நாள் சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயில்வே ஆட்கள் கூட்டமாக நடந்து வருவார்கள். தண்டவாளம் மாற்றுகிறவர்கள், பட்டறையில் கரி அள்ளுகிறவர்கள், கேட் மூடித் திறக்கிறவர்கள் எல்லாரும் இருப்பார்கள். எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று முன்கூட்டிக் கேட்டுப் போவதை எல்லாரும் டிப்பு என்றுதான் சொல்வார்கள். துரைமார்களுக்கு இங்கிலீஷ் பேப்பர் இருந்தது. தவுக்கேமார் என்கிற சீன முதலாளிகளுக்கு அவர்களுடைய ஆட்கள் இருந்தார்கள். நம் ஆட்களுக்கு லாயத்துக்குள் இருந்தவர் மூத்தார் ஒருவர்தான். குதிரைகளுக்கு வைத்திருந்த இங்கிலீஷ் பேரெல்லாம் யார் வாயிலும் நுழையாது. அதனால் மூத்தாரே ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்திருந்தார். கருப்பன், வெள்ளைக்கால்காரி, சோம்பேறி, கணக்கப்பிள்ளை என்று அவர் சொல்லும்போது ஏதோ நம் தோட்டத்து லயத்து வீட்டு ஜனங்களைப் பற்றிப் பேசுவது மாதிரியே இருக்கும்.

சாதாரண ஓட்டத்தைவிட வேலி தாண்டும் பந்தயத்துக்குத்தான் கூட்டம் அதிகம். வழியில் இடுப்பளவுக்கு விளாறால் கட்டிய வேலிகள் இருக்கும், ஓரிடத்தில் தண்ணீர்ப் பள்ளம் இருக்கும். குதிரைகள் அதையெல்லாம் தாண்டித் திடலை இரண்டு சுற்று வரவேண்டும். அதில் கூலிக்குக் குதிரை ஓட்டுகிறவர்கள் ஏறமாட்டார்கள், துரைமார்களே ஏறுவார்கள். அப்போதே அது அருகிப் போயிருந்தது, வருஷத்துக்கு ஒரு தடவையோ என்னமோதான் நடக்கும். எந்தக் குதிரை எங்கே விழும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் எல்லாரும் மூத்தார் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவர் எடுத்ததும் பேரைச் சொல்லிவிடமாட்டார். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து வைப்பார். கருப்பன் ஓட்டத்தில் புலிதான், ஆனால் வேலியைக் கண்டால் ஒரு தரம் யோசிப்பான், யோசிக்கிற குதிரை தாண்டாது என்பார். வெள்ளைக்கால்காரி நன்றாகத்தான் தாண்டுவாள், ஆனால் அவள்மேல் ஏறுகிற துரை சாப்பாட்டுப் பிரியர், ரெண்டாவது சுற்றில் அவள் துரையைச் சுமப்பாளா, தன் உடம்பைச் சுமப்பாளா என்று கேட்பார். கூட்டம் சிரிக்கும். முந்திய நாள் மழை பெய்திருந்தால் பள்ளத்துக்கு அந்தாண்ட மண் எப்படிக் கிடக்கிறது, எந்தக் குதிரைக்குக் குளம்பு பரந்தது, எது ஊன்றி நிற்கும் என்றெல்லாம் சொல்வார். திரைக்குப் பின்னால் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கும் எனக்கு, பார்க்காத அந்தப் பந்தயம் கண்ணுக்கு முன்னால் ஓடும். இவ்வளவும் சொல்லிவிட்டு, நான் ஒன்றும் சாமியாடி இல்லை, கண்ணில் பட்டதைச் சொல்கிறேன் என்று முடிப்பார். அவர் சொன்னதில் பாதி பலித்தது, பாதி பலிக்கவில்லை. பலித்ததை மட்டும் ஜனங்கள் ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். பலிக்காதபோது குதிரையைத் திட்டினார்கள்.

ஆனால் தன் பொறுப்பில் இருந்த குதிரையைப் பற்றி மட்டும் அவர் டிப்பு சொன்னதே இல்லை. ஒரு தரம் அக்கா அதற்குக் காரணம் கேட்டார்.

“அதுல ஆச கலந்துரும். ஆச கலந்துட்டா கண்ணு பொய் சொல்லும்” என்றார் மூத்தார்.

அவர் வேலை பார்த்த துரை ஒரு தோட்டத்துரை. ரப்பர் விலை விழுந்ததும் அவருக்கும் இறங்குமுகம் வந்தது. லாயத்திலிருந்த குதிரைகளை ஒவ்வொன்றாக விற்றார். கடைசியில் செவலை ஒன்றுதான் மிச்சம். வயதான ஆண் குதிரை. ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாளிலிருந்து மூத்தார் கையிலேயே இருந்தது. ஓட்டத்தில் அப்படியொன்றும் வேகம் கிடையாது. வேலி தாண்டுவதில் மட்டும் அதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒரு தரம் நான் தண்ணீர் எடுக்கப் போகும்போது குதிரைகளைப் பழக்குகிற இடத்தில் அது தாண்டுவதைப் பார்த்தேன். ஓடி வந்து தாண்டிய மாதிரியே தெரியவில்லை. வேலி குனிந்துகொண்டது, இது மேலே போயிற்று என்றுதான் சொல்லத் தோன்றியது.

துரை சீமைக்குத் திரும்பிப் போவதென்று முடிவானது. அன்றைக்கு மூத்தார் வந்து அக்காவிடம் சொன்னதை நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டேன். வேலி தாண்டும் பந்தயத்தில் செவலை ஜெயித்தால் துரையின் சிநேகிதர் ஒருவர் அதை வாங்கி இங்கேயே வைத்துக்கொள்வாராம். கூடவே மூத்தாரையும் வைத்துக்கொள்வாராம். ஜெயிக்காவிட்டால் அந்த வயதுக் குதிரையை யார் வாங்குவார்கள்? துப்பாக்கிதான். துரை கெட்டவர் இல்லை. கண்டவன் கையில் கொடுத்து, வண்டியில் கட்டி அடித்துச் சாகவிடுவதைவிட ஒரு குண்டு மேல் என்பது அவர்கள் வழக்கம். இரக்கப்பட்டுச் செய்கிற காரியமாகத்தான் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். மூத்தாருக்கும் அது புரிந்திருந்தது. அதனால் அவரால் கோபப்படக்கூட முடியவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களில் அவர் ஆளே மாறிப்போனார். மற்றக் குதிரைகளைப் பார்ப்பது மாதிரித் தன் குதிரையையும் தள்ளி நின்று பார்க்கப் பழகினார். விடிந்ததும் திடலுக்குப் போய் மற்றத் துரைமார்களின் குதிரைகள் தாண்டுவதைப் பார்த்துவிட்டு வருவார். வந்து செவலையின் காலைத் தடவுவார், எட்டிப் போய் நின்று பார்ப்பார், மறுபடியும் கிட்டே வந்து தடவுவார். தனக்குத்தானே டிப்பு கேட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வழக்கம்போலக் கூட்டம் வந்தது. முன்னால் வந்தவர் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து ரயில்வே கேட்காரர். ஆள் ஒல்லி, வாய் பெரிசு. ரயிலைவிடச் சத்தமாகப் பேசுகிறவர் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். மூத்தார் ஒவ்வொரு குதிரையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். எதையும் இது ஜெயிக்கும் என்று சொல்லாமல், எல்லாவற்றிலும் ஒரு குறையைச் சொல்லி ஒதுக்கிக்கொண்டே வந்தார். கேட்காரருக்குப் பொறுக்கவில்லை.

“என்னண்ணே, எல்லாத்தயும் கழிச்சிட்ட. அப்ப நாளைக்கு யாரு ஜெயிப்பா, துரையே தனியா ஓடி ஜெயிப்பாரா?”

எல்லாரும் சிரித்தார்கள். மூத்தார் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“ஒன் செவலயப் பத்தி மட்டும் வாயத் தொறக்கமாட்ட. வயசுக்கு வந்த பொண்ண வீட்டுக்குள்ள வெச்சிருக்கிற மாதிரி ஒளிச்சு வெச்சிருக்க. பாக்குற மாதிரி இல்லையோ?”

சத்தம் நின்றது. நான் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தேன்.

“செவலதான் ஜெயிக்கும்” என்றார் மூத்தார். கூடவே, “ஜெயிக்கணும். இல்லேன்னா சுட்டுப் போட்டுருவாங்க” என்றார்.

அந்த இரண்டாவது பேச்சை அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. டிப்பு கேட்க வந்தவர்களுக்கு முதல் பேச்சு போதும். ஆனால் அத்தனை நாள் நெஞ்சில் வைத்திருந்தது, வாய் திறந்ததும் கூடவே வந்துவிட்டது. எப்போதும் ஏதாவது சொல்லிவிட்டுப் போகிற கேட்காரர்கூட மெதுவான குரலில், “இது உசுரு விஷயம்லண்ணே. நாங்க வெறுமனே இருக்கமாட்டோம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. பந்தயம் கட்டுவதைத்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலையில் துரை வந்து மூத்தாரைக் கூட்டிக்கொண்டு திடலுக்குப் போனார். வேலிகளை நடந்து பார்த்து, எந்த இடத்தில் மண் இறுகியிருக்கிறது, எங்கே தாண்டி இறங்கலாம் என்று பேசிக்கொள்வது வழக்கம். போகும்போது மூத்தார் அக்காவிடம், செவலைக்கு ஒரு வாய் புல்கூடப் போடக் கூடாது, பந்தயம் முடிகிற வரைக்கும் வயிறு காலியாகத்தான் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொல்லாமலே அக்காவுக்கு அது தெரியும்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் பெண்கள் வந்தார்கள். கேட்காரர் சம்சாரம் முன்னால், பின்னால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வீடுகளிலிருந்து ஒரு கூட்டம். குளித்து, ஈரத் தலையை முடிந்துகொண்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தார்கள். விடியற்காலையிலேயே மாரியம்மன் கோயிலுக்குப் போய், செவலை பேரில் அர்ச்சனை பண்ணச் சொல்லியிருக்கிறார்கள். குதிரைக்கு என்ன நட்சத்திரம் என்று பூசாரி கேட்டாராம், தெரியாது, அம்மன் நட்சத்திரத்திலேயே பண்ணுங்க என்று இவர்கள் சொன்னார்களாம். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு இலைப் பொட்டலம். வெல்லப் பொங்கல், ஊறவைத்துத் தாளித்த கடலை, வாழைப்பழம், தேங்காய்ச் சில்லு.

அக்கா லாயத்துக் கதவை மறித்து நின்றார். “இன்னிக்கு வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காருக்கா. பட்டினி போட்டிருக்கு.”

“ஏண்டி, பிரசாதம் சாப்பாடா?” என்றார் கேட்காரர் சம்சாரம். “வெரதம் இருக்கிறவங்க பிரசாதம் வாங்கிக்கிறதில்லையா? அதுல வெரதம் கெட்டா போகுது?”

இன்றைக்கு யார் இதைக் கேட்டாலும் சிரிப்பார்கள். ஆனால் அன்றைக்கு அங்கே நின்ற யாரிடமும் பிரசாதத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கணக்கு வைக்கலாம் என்கிற எண்ணமே கிடையாது. தீட்டு, பத்தியம், விரதம் எல்லாவற்றுக்கும் வெளியே இருக்கிற பொருள் அது. மருந்து குடிக்கிறவன் வாங்கிக்கொள்ளலாம், காய்ச்சல்காரன் வாங்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்று மட்டும் சொல்லக் கூடாது. அதிலும் ஒரு உயிர் நிற்குமா போகுமா என்று இருக்கிற நாளில், அந்த உயிருக்காக வேண்டிக்கொண்டு வாங்கி வந்ததை எப்படித் தட்டுவது? அக்கா கதவை விட்டு விலகினார்.

ஆளுக்கொரு பிடிதான். யாரும் அதிகம் கொடுக்கவில்லை. உள்ளே போய், நெற்றியில் மஞ்சள் வைத்து, ஒரு பிடி ஊட்டிவிட்டு வந்தார்கள். ஒருத்தி ராசா என்று கூப்பிட்டாள். ஒருத்தி அதன் காதோரம் தன் மகன் வேலை போனதைச் சொல்லி அழுதாள். இன்னொருத்தி அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பசியோடு இருந்த பிராணி, ஒவ்வொரு கையையும் நக்கி நக்கித் தின்றது. லாயம் முழுக்க ஏலக்காய் வாசனை. நானும் பின்னால் நின்று கும்பிட்டேன். இத்தனை பேர் ஒரு வாயில்லாத ஜீவனுக்காக இரங்கியதை என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மூத்தார் வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். அக்கா முகமெல்லாம் சந்தோஷமாக நடந்ததைச் சொன்னார். மூத்தார் உள்ளே போய் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

“எத்தன பேரு?” என்று கேட்டார்.

“எண்ணலையே. கொஞ்சங் கொஞ்சமாத்தான் குடுத்தாங்க” என்றார் அக்கா. அப்போதுதான் அவர் குரல் மாறியது.

மூத்தார் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. செவலையை வெளியே கொண்டுவந்து, வெயிலில் மேலும் கீழும் நடத்தினார். நின்று நின்று வயிற்றைத் தடவினார், மறுபடியும் நடத்தினார். நான் தண்ணீர்க் குடத்தோடு போகும்போதும் வரும்போதும் அவர் நடந்துகொண்டே இருந்தார். துரையிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் துரை அதைப் பந்தயத்தில் விடமாட்டார். விடாவிட்டால் ஜெயிக்காது. ஜெயிக்காவிட்டால் துப்பாக்கி. ஓடினால் ஒருவேளை பிழைக்கும். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அன்றைக்கு அந்த வெயிலில் நடந்தார் என்று நினைக்கிறேன். செவலைமேல் ஏறத் துரை பூட்சைப் போட்டுக்கொண்டு வந்து, அதன் நெற்றியிலிருந்த மஞ்சளைப் பார்த்துச் சிரித்தார். எப்படி இருக்கிறது என்று மலாயில் கேட்டார். “பாய்க், துவான்” என்றார் மூத்தார். நன்றாக இருக்கிறது துரை என்று சொல்லிவிட்டார்.

கயிறு கட்டிய பொதுஜன வரிசையில் நானும் அக்காவும் நின்றோம். எங்களைச் சுற்றி பிரிக்பீல்ட்ஸ் சனம். கேட்காரர் தோளில் துண்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் செவலை நம்ம ஊட்டுப் புள்ள என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொடி விழுந்தது. முதல் சுற்றில் மூத்தார் முந்திய நாள் சொன்னது ஒவ்வொன்றாக நடந்தது. கருப்பன் மூன்றாவது வேலியில் யோசித்து நின்றான், அவன்மேல் இருந்த துரை மட்டும் வேலிக்கு அந்தாண்ட போய் விழுந்தார். வெள்ளைக்கால்காரி பள்ளத்தைத் தாண்டி மூச்சு வாங்கினாள். செவலை முன்னால் இருந்தது. ஒவ்வொரு வேலிக்கும் எங்கள் வரிசை முழுதும் சேர்ந்து மூச்சை இழுத்து விட்டது. இரண்டாம் சுற்றில் எங்களைத் தாண்டிப் போகும்போது அதன் கழுத்து கறுத்து நனைந்திருந்ததைப் பார்த்தேன். மற்றக் குதிரைகள் அப்படி நனைந்திருக்கவில்லை. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசி வேலியில் அது முன்காலைத் தூக்கியது. பின்பக்கம் அதோடு சேர்ந்து எழும்பவில்லை. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். துரை உருண்டு எழுந்துவிட்டார். செவலை முன்கால் இரண்டையும் ஊன்றி, உட்கார்ந்த நாய் மாதிரி, எழுந்திருக்கப் பார்த்தது. மறுபடியும் பார்த்தது. பின்னால் வந்த குதிரைகள் அதைச் சுற்றிக்கொண்டு போயின. ஒரு மூலையில் கைதட்டினார்கள், எதுவோ ஜெயித்தது. மூத்தார் திடலுக்குள் ஓடி அதன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஆட்கள் கித்தான் துணியைக் கொண்டுவந்து சுற்றி மறைத்துப் பிடித்தார்கள். அவரை எழுந்து வரச் சொன்னார்கள். அவர் வரவில்லை போலிருக்கிறது, ஒரு ஆள் கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்தார். அப்புறம் ஒரே ஒரு சத்தம். அதற்குள் ஜனங்கள் அடுத்த ஓட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள்.

அன்றைக்கே பேச்சு மாறிவிட்டது. இருந்ததையெல்லாம் செவலைமேல் கட்டியவர்களுக்குத் தாங்க முடியவில்லை. லாயத்து வரிசைக்கு வெளியே நின்று கேட்காரர் பேசியது எங்களுக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது.

“தவுக்கேகிட்டக் காசுக்குக் கை நீட்டிட்டான்யா. உசுரு போயிரும்னு அழுது காட்டி, நம்ம எல்லாரயும் அது மேல கட்டவெச்சிட்டான். இத்தன வருசமா அதப் பத்தி வாயத் தொறக்காதவன் நேத்து மட்டும் ஏன் தொறந்தான்? அதயாச்சும் யோசிச்சிருக்கணும் நாம.”

அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார். மூத்தார் குறுக்கே வந்து நின்றார்.

“நான் போயிச் சொல்லப் போறேன். இவுங்க பொஞ்சாதிங்க என்ன பண்ணிட்டுப் போனாங்கன்னு சொல்லப் போறேன். நான் கதவத் தொறந்துவுட்டதயும் சொல்லப் போறேன். நீங்க தள்ளுங்க.”

“சொல்லி?”

“ஒங்கள திருடன்கிறாங்க.”

“கும்புட்டுக் குடுத்தது அது” என்றார் மூத்தார். “அத வெசம்னு சொல்லுவியா? அந்தப் பொம்பளைங்க அப்புறம் எந்த மொகத்தோட கோயிலுக்குப் போவாங்க? உக்காரு.”

அக்கா உட்கார்ந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நான் வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டேன். அவர் ஒருவர் திருடன் ஆனால் போதும், அத்தனை பேரும் நிம்மதியாகக் கும்பிடலாம் என்று அவர் முடிவு பண்ணிவிட்டார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் ரொம்ப நாள் பிரிக்பீல்ட்ஸில் தலைகுனிந்து வண்டி ஓட்டினார். அவரிடமும் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் அவர் வாயில் நிற்காது.

துரை கப்பலேறினார். போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதால், மூத்தாரை இன்னொரு லாயத்தில் புல் வெட்டுகிற வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். குதிரையைத் தொடுகிற வேலை அவருக்கு மறுபடியும் கிடைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அக்கா கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆனால் பூசாரி கொடுக்கிற பொங்கலைக் கையில் வாங்கிக்கொண்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு, யாரும் பார்க்காத இடத்தில் செடியடியில் வைத்துவிடுவார். சாகிற வரைக்கும் அவர் வாயில் பிரசாதம் போட்டு நான் பார்த்ததில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவருக்குத் தெரியும்.

இப்போது அந்த ரேஸ் திடலை ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். பழைய இடத்தைச் சுற்றித் தகரம் அடைத்து, ராட்சச இயந்திரங்களை வைத்துத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். என் பேரன் காரில் அந்த வழியாகப் போகும்போது, என்னமோ பெரிய கட்டடம் வரப்போகிறது பாட்டி என்கிறான். தகர இடுக்கு வழியாகப் பார்த்தேன், செம்மண் குழிதான் தெரிந்தது. பள்ளம் எங்கே இருந்தது, கடைசி வேலி எங்கே இருந்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பேரன் சனிக்கிழமை ஆனால் பேப்பரை விரித்துக்கொண்டு யார் யாருக்கோ போன் பண்ணி டிப்பு கேட்கிறான். கேட்கிற குரல் மாறவே இல்லை. ஆசையை மறைத்துக்கொண்டு, சும்மா கேட்பது மாதிரிக் கேட்கிற அதே குரல்.

அன்றைக்குத் திருடன் என்று சொன்னவர்களும் அதே குரலில்தான் திரும்பி வந்தார்கள். அடுத்த ரேஸுக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்ததற்கு ஒருத்தர் இரண்டு பேர் வந்து, வேறு எதற்கோ வந்த மாதிரி நின்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் ஒரு சாயங்காலம் கேட்காரரே வந்தார். நம் ஆட்களுக்கு லாயத்துக்குள் வேறு யார் இருந்தார்கள்? பழசையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதே அண்ணே, நாளைக்கு எது என்று மட்டும் சொல் என்றார். மூத்தார் புல் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஒரு குதிரையின் பேரைச் சொன்னார். அதன் கால் எப்படி, மண் எப்படி, ஏறுகிறவர் எப்படி என்று ஒன்றும் சொல்லவில்லை. பேர் மட்டும்தான்.

மறுநாள் அந்தக் குதிரை ஜெயித்தது. சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிரிப்பும் சத்தமுமாகக் கூட்டம் வருவது தூரத்திலேயே கேட்டது. அக்கா மூத்தாரிடம் கேட்டார்.

“புல்லு வெட்டப் போறதோட சரி, இத்தன மாசமா எந்தக் குதிரயயும் நீங்க போயிப் பாக்கலையே. எப்படிச் சொன்னீங்க?”

“பாத்துச் சொன்னதுக்கு என்ன ஆச்சு?” என்றார் மூத்தார்.

வெளியே கேட்காரர் ரோஜா மாலையோடு நின்று, அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூத்தார் எழுந்து போய், மாலைக்குக் கழுத்தைத் தாழ்த்திக் கொடுத்தார்.